சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது?

காலை 5 மணி. ஊர் இன்னும் விழிக்கவில்லை. பிள்ளைகள் நன்றாகத் தூங்கிக்கொண்டு இருக்கிறார்கள்.

காபி போடுவதற்காக வீட்டு அம்மாள் சமையல் அறைக்கு வருகிறார். கதவைத் திறக்கிறார். உள்ளே ஒரே இருட்டு. விளக்கைப் போடுவதற்காக அவருடைய கை சுவிட்சை நோக்கிப் போகிறது.

அந்த நேரத்தில் மூக்கில் ஒரு நாற்றம் ஏறுகிறது. அழுகிப்போன முட்டைக்கோசு போன்ற நாற்றம்!

கை அப்படியே நின்றுவிடுகிறது.

அந்தக் கை நின்றது நல்லதாயிற்று. சுவிட்சைத் தட்டியிருந்தால் வீடே போயிருக்கும். வீட்டில் உள்ளவர்களும் போயிருப்பார்கள்.

"அடுப்புப் பற்றவைக்கவில்லை, தீக்குச்சி கிழிக்கவில்லை. வெறும் சுவிட்சைத் தட்டினால் என்ன வந்துவிடும்?" என்று சிலர் கேட்கலாம்.

இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், சிலிண்டருக்குள் அடைத்து வைத்திருக்கும் பொருளின் குணம் தெரியவேண்டும்.

மனிதர்களுக்கு ஆளுக்கு ஒரு குணம் இருக்கிறது அல்லவா? அதுபோல பொருள்களுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. மனிதனின் குணம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாறலாம். பொருளின் குணம் அப்படி மாறாது. ஒரு தடவை தெரிந்துகொண்டால் ஆயுள் முழுவதும் உதவும்.

பொருள்களின் குணத்தை ஆராய்ந்து சொல்வதுதான் ரசாயன சாஸ்திரம். அதைப் படிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. நம் வீட்டுச் சமையல் அறையே போதும்!

காற்றுக்கும் எடை உண்டு

முதலில், "பொருள்" என்றால் என்ன?

இரண்டு அடையாளங்கள் இருந்தால் அது பொருள். ஒன்று: அதற்கு எடை இருக்கவேண்டும். இரண்டு: அது இடத்தை அடைத்துக்கொள்ள வேண்டும்.

கல்லுக்கு எடை உண்டு, இடத்தையும் அடைக்கிறது. அரிசி, எண்ணெய், தண்ணீர் எல்லாம் அப்படியே. வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இந்த அடையாளங்கள் இல்லை. அவை பொருள் அல்ல.

காற்று?

ஒரு காலி டம்ளரைத் தலைகீழாகப் பிடித்து, வாளித் தண்ணீருக்குள் நேராக அழுத்திப் பாருங்கள். டம்ளருக்குள் தண்ணீர் ஏறாது. ஏன்? உள்ளே இடம் காலியாக இல்லை. காற்று உட்கார்ந்திருக்கிறது! டம்ளரைக் கொஞ்சம் சாய்த்தால் 'குபுக், குபுக்' என்று காற்று வெளியேறும். பிறகுதான் தண்ணீர் உள்ளே போகும்.

காற்றுக்கு எடையும் உண்டு. 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஓர் அறையில் இருக்கும் காற்றின் எடை எவ்வளவு தெரியுமா? சுமார் 33 கிலோ! ஒரு மூட்டை அரிசியில் பாதிக்கு மேல்.

ஆகவே காற்றும் பொருள்தான். கண்ணுக்குத் தெரியாத பொருள்.

மூன்று வேஷம்

பொருள் மூன்று வேஷம் போடும். திடப்பொருள், திரவம், வாயு.

தண்ணீரைப் பாருங்கள். உறைந்தால் ஐஸ். உருகினால் தண்ணீர். கொதித்தால் நீராவி. மூன்றும் ஒன்றுதான்!

எல்லாப் பொருள்களும் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய துகள்களால் ஆனவை. ஐஸில் அந்தத் துகள்கள், சினிமா கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களைப் போல, இடம் விட்டு இடம் பெயராமல் இருக்கும். தண்ணீரில், திருவிழாக் கூட்டத்தைப் போல, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நகரும். நீராவியிலோ, பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்ததும் வெளியே ஓடும் பிள்ளைகளைப் போல, நாலாபக்கமும் சிதறி ஓடும்.

வேஷத்தை மாற்றுவது எது? வெப்பமும் அழுத்தமும்தான். சூடு ஏற்றினால் துகள்கள் ஓடத் தொடங்கும். குளிரவைத்தாலும் அழுத்திப் பிடித்தாலும் ஒன்று சேரும்.

'சளக், சளக்' சத்தம்

சிலிண்டரை அசைத்தால் உள்ளே 'சளக், சளக்' என்று சத்தம் கேட்கிறது. "கியாஸ் என்கிறார்கள். தண்ணீர் போல் சத்தம் வருகிறதே!" என்று பிள்ளைகள் கேட்பது உண்டு. நல்ல கேள்வி!

சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். வாயுவை அழுத்தி, திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். அதில் இருப்பவை முக்கியமாக இரண்டு பொருள்கள். ஒன்று புரோபேன், மற்றொன்று பூட்டேன். இரண்டும் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்து உண்டானவை.

தண்ணீர் 100 டிகிரி சூட்டில் கொதிக்கிறது. ஆனால் பூட்டேன், ஐஸ் உறையும் குளிரிலேயே கொதித்துவிடும்! புரோபேன் கொதிப்பதற்கு அந்தச் சூடுகூட வேண்டாம். பூஜ்ஜியத்துக்குக் கீழே 42 டிகிரியிலேயே அது ஆவியாகிவிடும். நம் ஊர் வெயிலில் திறந்து வைத்தால் அது திரவமாக நிற்காது. சிலிண்டரின் கனத்த இரும்பு அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருப்பதால்தான் அடங்கிக் கிடக்கிறது.

இந்தக் குணத்தைக் கண்டுபிடித்த கதை சுவையானது.

1910-ம் ஆண்டு. அமெரிக்காவில் மோட்டார் கார் வைத்திருந்த ஒருவர், வால்டர் ஸ்னெல்லிங் என்ற ரசாயன விஞ்ஞானியிடம் வந்து முறையிட்டார் என்று சொல்வார்கள். "ஒரு காலன் பெட்ரோல் வாங்குகிறேன். வீட்டுக்குப் போவதற்குள் பாதியாகிவிடுகிறது. இது என்ன மோசடி?" என்பது அவருடைய புகார்.

ஸ்னெல்லிங் ஒரு கண்ணாடி ஜாடியில் பெட்ரோல் பிடித்து, தக்கையால் மூடினார். தக்கை 'பட்' என்று தெறித்தது. மறுபடியும் மூடினார். மறுபடியும் தெறித்தது! பெட்ரோலுக்குள் இருந்து ஏதோ ஒன்று வாயுவாகக் கிளம்பித் தக்கையைத் தள்ளியது. அதைத் தனியாகப் பிரித்து ஆராய்ந்தார். புரோபேனும் பூட்டேனும் அகப்பட்டன. அழுத்தினால் திரவம், திறந்துவிட்டால் வாயு! 1913-ம் ஆண்டு அவர் தன் முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

இந்தியாவில் 1965-ம் ஆண்டு, அக்டோபர் 22-ந் தேதி கல்கத்தாவில் இண்டேன் சமையல் கியாசின் முதல் இணைப்பு கொடுக்கப்பட்டது. 2016-ம் ஆண்டு மே 1-ந் தேதி தொடங்கிய உஜ்வாலா திட்டத்தின் மூலம் கோடிக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்கும் சிலிண்டர் போய்ச் சேர்ந்தது. விறகுப் புகையில் கண்ணீர் விட்ட தாய்மார்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் புது விருந்தாளியின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஒரு லிட்டர், 250 லிட்டர்

ஒரு லிட்டர் திரவ கியாஸ் வெளியே வந்தால், சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும்.

சிலிண்டரைப் படுக்க வைக்கக்கூடாது என்று சொல்வது இதனால்தான். நிமிர்ந்து நிற்கும் சிலிண்டரில் திரவம் அடியில் இருக்கும். மேலே சேரும் வாயு மட்டும் குழாய் வழியாக அடுப்புக்குப் போகும். படுக்க வைத்தால் திரவமே வாய்ப்பக்கம் வந்துவிடும். அது வெளியே வந்தால் ஒன்றுக்கு 250 மடங்காக விரியும். அப்புறம் அடுப்பு தாங்குமா?

சிலிண்டரில் திரவத்தை முழுக்க நிரப்புவதும் கிடையாது. மேலே கொஞ்சம் இடம் விடுவார்கள். சூடு பட்டால் திரவம் விரியும். விரிவதற்கு இடம் வேண்டும். ஆகையால் வெயிலிலும், அடுப்பின் அருகிலும் சிலிண்டரை வைக்கக்கூடாது.

நெடுநேரம் அடுப்பு எரிந்தால், சிலிண்டரின் மேல் வேர்த்து நீர் முத்துப்போல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பயப்படவேண்டாம். திரவம் ஆவியாக மாறும்போது சுற்றிலும் உள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், குளித்துவிட்டு ஈர உடம்போடு மின்விசிறிக்குக் கீழே நின்றால் நடுங்குவதும் இதே காரணத்தால்தான்.

தரையோடு ஊர்ந்து வரும்

இனி, உயிர் காக்கும் ஒரு குணத்தைப் பார்ப்போம். அதுதான் அடர்த்தி.

ஒரு படி பஞ்சும் ஒரு படி இரும்புத் தூளும் ஒரே எடையா? இல்லை. ஒரே அளவு இடத்தில் எவ்வளவு எடை அடங்கியிருக்கிறது என்பதுதான் அடர்த்தி. அடர்த்தி குறைந்தது மேலே போகும். கூடியது கீழே இறங்கும். குழம்பில் எண்ணெய் மிதப்பது அதனால்தான்.

வாயுவிலும் இப்படிக் கனமானது, லேசானது என்று உண்டு. சமையல் கியாஸ், காற்றைவிட ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை கனமானது. கசிந்தால் புகையைப் போல் கூரைக்குப் போகாது. தண்ணீரைப் போல் தரையில் இறங்கும். மூலையில் தேங்கும். வாசல்படியைத் தாண்டி அடுத்த அறைக்கும் ஊர்ந்து போகும். பள்ளம் இருந்தால் அங்கே நிறையும்.

கனமான வாயு என்ன செய்யும் என்பதை உலகத்துக்குக் காட்டிய பயங்கரமான சம்பவம் ஒன்று உண்டு.

ஆப்பிரிக்காவில் காமரூன் என்ற நாடு இருக்கிறது. அங்கே, எரிமலை வாயில் உண்டான நியோஸ் என்ற ஏரி. அதன் அடி ஆழத்தில், சோடா பாட்டிலில் அடைத்தது போல், ஏராளமான கரியமில வாயு கரைந்து கிடந்தது. 1986-ம் ஆண்டு, ஆகஸ்டு 21-ந் தேதி இரவு, அந்த வாயு திடீர் என்று பொங்கிக் கிளம்பியது.

கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். அதனால் அது வானத்துக்குப் போகவில்லை. மலைச் சரிவில் ஆறு போல இறங்கியது. பள்ளத்தாக்கில் இருந்த கிராமங்களை மூடியது. காற்றை மேலே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் அது உட்கார்ந்துகொண்டது. தூங்கியவர்கள் தூங்கியபடியே மாண்டார்கள். பலியானவர்கள் 1,700 பேருக்கும் அதிகம். சுமார் 3,500 ஆடுமாடுகளும் மடிந்தன. ஏரியில் இருந்து 25 கிலோ மீட்டர் தூரத்திலும் சாவு விழுந்தது.

பிறகு விஞ்ஞானிகள் அந்த ஏரியில் குழாய் இறக்கினார்கள். 2001-ம் ஆண்டு முதல், அடியில் சேரும் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றி வந்தார்கள். குணம் தெரிந்தது; வழியும் பிறந்தது.

கனமான வாயுவை வீட்டிலேயே பார்க்கலாம். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கவேண்டும். உயரமான பாத்திரத்தில் இரண்டு கரண்டி ஆப்ப சோடா போட்டு, எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். நுரை பொங்கும். நுரை அடங்கியதும், எரியும் மெழுகுவர்த்தியின் மேல் அந்தப் பாத்திரத்தை, சாறு கொட்டாமல் சாய்த்துப் பிடியுங்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் விளக்கு அணைந்துவிடும்! கரியமில வாயு, தண்ணீர் போல் கீழே கொட்டியதுதான் காரணம்.

குழாய் மூலம் சில நகரங்களில் வரும் இயற்கை கியாஸ் வேறு. அது பெரும்பாலும் மீத்தேன். காற்றைவிட லேசானது. கசிந்தால் மேலே போகும். இரண்டுக்கும் பெயர் கியாஸ்தான், குணம் வேறு.

நாற்றம் எங்கிருந்து வந்தது?

சமையல் கியாசுக்கு இயற்கையில் நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அப்படியானால் அந்த அம்மாளின் மூக்கில் ஏறிய நாற்றம்?

அது மனிதன் சேர்த்தது! அதன் பின்னால் ஒரு கண்ணீர்க் கதை இருக்கிறது.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம். நியூ லண்டன் என்ற ஊர். எண்ணெய்க் கிணறுகளால் பணம் கொழித்த ஊர். அங்கே பெரிய பள்ளிக்கூடம் கட்டியிருந்தார்கள். குளிர் காய்வதற்குப் பள்ளிக்கூடத்தில் கியாஸ் அடுப்புகள் இருந்தன. செலவைக் குறைக்க, எண்ணெய்க் கிணறுகளில் வீணாகப் போகும் இயற்கை கியாசைக் குழாய் போட்டு எடுத்துக்கொண்டார்கள்.

அந்த கியாஸ் கசிந்தது. கட்டிடத்தின் அடியில் மூடிக்கிடந்த வெற்றிடத்தில் நிறைந்தது. நிறம் இல்லை, வாசனை இல்லை. ஒருவருக்கும் தெரியவில்லை!

1937-ம் ஆண்டு, மார்ச் 18-ந் தேதி. பிற்பகல் 3 மணி. பள்ளிக்கூடம் விடுவதற்குச் சிறிது நேரமே இருந்தது. தொழிற்பயிற்சி அறையில் ஆசிரியர் ஒருவர், மரம் தேய்க்கும் மின்சார எந்திரத்தின் சுவிட்சைப் போட்டார். ஒரு சிறு பொறி.

அவ்வளவுதான். கட்டிடம் மேலே கிளம்பி, இடிந்து விழுந்தது. மாணவ-மாணவிகளும் ஆசிரியர்களுமாகச் சுமார் 300 பேர் மாண்டார்கள்.

அதன் பிறகு டெக்சாசில் ஒரு சட்டம் வந்தது. கியாசில் நாற்றம் சேர்க்கவேண்டும் என்பதுதான் அந்தச் சட்டம். மற்ற இடங்களுக்கும் அந்த வழக்கம் பரவியது.

நம் சிலிண்டரில் சேர்ப்பது எத்தில் மெர்க்காப்டன் என்ற பொருள். நூறு கோடி பங்கு காற்றில் ஒரு பங்கு கலந்திருந்தால்கூட மூக்குக்குத் தெரிந்துவிடும். தீப்பிடிக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு கியாஸ் கசிந்தாலே நாற்றம் தெரியவேண்டும் என்பது கணக்கு.

அன்று அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத எச்சரிக்கை, இன்று நமக்குக் கிடைக்கிறது. அதை அலட்சியம் செய்யலாமா?

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். ஒரே நாற்றத்தில் நெடுநேரம் இருந்தால் மூக்கு பழகிவிடும். பிறகு நாற்றம் தெரியாது. சளி பிடித்தவர்களுக்கும் தெரியாது. ஆகையால் "கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நாறியது, இப்போது இல்லை" என்று நினைத்து விளக்கைப் போடக்கூடாது.

ஒரு பொறி போதும்

கியாஸ் தானாக எரியாது. மூன்று சேரவேண்டும். எரியும் பொருள்; காற்றில் உள்ள பிராண வாயு; பற்றவைக்க ஒரு பொறி.

அவையும் சரியான அளவில் சேரவேண்டும். 100 பங்கு காற்றில் சுமார் 2 பங்கு முதல் 9 பங்கு வரை கியாஸ் கலந்திருந்தால் பற்றிக்கொள்ளும். அதற்குக் குறைந்தால் பற்றாது. கூடினாலும் பற்றாது, ஆனால் கதவைத் திறந்து காற்று வரும்போது, கூடியது குறைந்து ஆபத்தான அளவுக்கு வந்துவிடலாம். ஆகையால் எந்த அளவாக இருந்தாலும் பொறி கூடாது.

10 அடிக்கு 10 அடி அறையை அந்த அளவுக்கு நிரப்ப, ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான கியாஸ் போதும். தரையோடு தங்குவதால் அதைவிடக் குறைவே ஆபத்தை உண்டாக்கும். முழுச் சிலிண்டரில் இருப்பதோ 14.2 கிலோ!

சுவிட்சைப் போடும்போதும், அணைக்கும்போதும் உள்ளே சிறு மின்பொறி பறக்கும். அந்தப் பொறியே போதும். அந்த அம்மாளின் கை நின்றது நல்லதாயிற்று என்று சொன்னது இதனால்தான்.

14.2 கிலோ எங்கே போயிற்று?

சிலிண்டர் வரும்போது தூக்க இரண்டு பேர் வேண்டும். தீர்ந்தபின் ஒருவரே தூக்கிவிடலாம். உள்ளே இருந்த 14.2 கிலோ எங்கே போயிற்று? எரிந்து அழிந்துவிட்டதா?

இல்லை. பொருள் அழிவதே இல்லை!

பொருள்கள் இரண்டு விதமாக மாறும். உப்பைத் தண்ணீரில் கரைத்தால், காய்ச்சி மறுபடியும் உப்பை எடுத்துவிடலாம். தூத்துக்குடி உப்பளங்களில் வெயில் செய்வது இந்த வேலைதான். பொருள் மாறவில்லை, வேஷம்தான் மாறியது. ஆனால் பால் தயிரானால் திரும்பப் பாலாகாது. விறகு சாம்பலானால் திரும்ப விறகாகாது. அங்கே புதுப் பொருள் பிறந்துவிட்டது. இதுதான் ரசாயன மாற்றம். கியாஸ் எரிவதும் ரசாயன மாற்றமே.

எரியும்போது கியாசில் உள்ள கரி, பிராண வாயுவோடு சேர்ந்து கரியமில வாயு ஆகிறது. ஹைட்ரஜன், பிராண வாயுவோடு சேர்ந்து தண்ணீர் ஆகிறது. ஆம், நெருப்பில் தண்ணீர் பிறக்கிறது!

நம்பிக்கை இல்லையா? குளிர்ந்த தண்ணீர் உள்ள பாத்திரத்தை அடுப்பில் வைத்ததும், அடிப்பக்கம் வெளியே பனி போல் ஈரம் படியும். பாத்திரம் ஒழுகவில்லை. தீயில் பிறந்த தண்ணீர்தான் அது.

ஒரு சிலிண்டர் கியாஸ் எரிந்து தீர்ந்தால் சுமார் 43 கிலோ கரியமில வாயுவும், சுமார் 22 கிலோ தண்ணீரும் உண்டாகின்றன. 14 கிலோ எப்படி 65 கிலோ ஆயிற்று? பாக்கியைக் காற்றில் உள்ள பிராண வாயு கொடுத்தது. கொடுத்ததையும் உண்டானதையும் நிறுத்துப் பார்த்தால் கணக்கு சரியாக இருக்கும்.

இந்தக் கணக்கைத் தராசு வைத்து நிரூபித்தவர், பிரெஞ்சு விஞ்ஞானி லவாசியே. 1789-ம் ஆண்டு அவர் எழுதிய நூல்தான் இன்றைய ரசாயன சாஸ்திரத்துக்கு அஸ்திவாரம். பிரெஞ்சுப் புரட்சியின்போது, வரி வசூல் செய்தவர்களில் ஒருவர் என்ற குற்றத்துக்காக, 1794-ம் ஆண்டு மே 8-ந் தேதி அவர் தலை துண்டிக்கப்பட்டது. அவர் போய்விட்டார். அவர் காட்டிய உண்மை நிற்கிறது.

மஞ்சள் தீ ஆபத்து

அடுப்பில் தீ நீலமாக எரியவேண்டும். மஞ்சளாக எரிந்து, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால், போதுமான காற்று கிடைக்கவில்லை என்று அர்த்தம். அடுப்பின் துளைகளில் அழுக்கு அடைத்திருக்கலாம்.

காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டாகும். அதற்கும் நிறம் இல்லை, வாசனை இல்லை. நம் ரத்தம் பிராண வாயுவைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக இந்த விஷத்தைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், பிறகு சாவு. கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு, குளியல் அறைக்குள்ளேயே கியாஸ் வெந்நீர் அடுப்பை எரியவிட்டுக் குளிப்பது இதனால்தான் ஆபத்து.

எண்ணெய் பற்றினால்?

வாணலியில் எண்ணெய் தீப்பிடித்துவிட்டால் பலர் செய்யும் தவறு, தண்ணீரை ஊற்றுவது. தண்ணீர் எண்ணெயைவிட அடர்த்தி கூடியது. ஆகையால் அடிக்குப் போகும். அங்கே எண்ணெய், தண்ணீர் கொதிக்கும் சூட்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் காய்ந்து இருக்கும். தண்ணீர் ஒரு நொடியில் நீராவியாகும். ஒரு பங்கு தண்ணீர் சுமார் 1,700 பங்கு நீராவியாக விரியும். எரியும் எண்ணெயைக் கூரை வரை வாரி அடித்துவிடும்.

அடுப்பை அணையுங்கள். வாணலியைத் தட்டால் மூடுங்கள். காற்று போகாவிட்டால் தீ தானாக அணையும். வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது.

அந்த அம்மாள் என்ன செய்தார்?

இருட்டில் நின்ற அந்த அம்மாள் விளக்கைப் போடவில்லை. மின்விசிறியையும் போடவில்லை. ஏற்கனவே எரிந்துகொண்டு இருந்த கூடத்து விளக்கை அணைக்கவும் இல்லை. அணைத்தாலும் பொறி வரும்!

ஜன்னலைத் திறந்தார். வாசல் கதவையும், கொல்லைக் கதவையும் விரியத் திறந்தார். கியாஸ் தரையோடு போகும் பொருள் அல்லவா? ஜன்னல் மட்டும் போதாது. கதவு திறந்தால்தான் அது வெளியேறும். அடுப்பின் திருகையும், சிலிண்டரின் ரெகுலேட்டரையும் மூடினார். பிள்ளைகளையும் கணவரையும் எழுப்பித் தெருவுக்கு அழைத்து வந்தார்.

வெளியே வந்த பிறகுதான் டெலிபோனை எடுத்தார். அழைத்த எண் 1906. சமையல் கியாஸ் கசிவுக்கு என்றே இருக்கும் எண் அது.

விடிந்ததும் மெக்கானிக் வந்தார். ரப்பர் குழாயில் சோப்புத் தண்ணீரைத் தடவினார். ஓர் இடத்தில் குமிழி குமிழியாகக் கிளம்பியது. எலி கடித்த சிறு ஓட்டை! குழாயை மாற்றினார். கசிவைக் கண்டுபிடிக்கத் தீக்குச்சி கிழித்துப் பார்ப்பவர்களும் உண்டு. அது, கிணற்றின் ஆழம் பார்க்க உள்ளே குதிப்பதைப் போன்றது.

அன்று காபிக்கு 7 மணி ஆகிவிட்டது. அடுப்பு நீலமாக எரிந்தது. பால் பாத்திரத்தின் அடியில் பனி போல் ஈரம் படிந்தது. பிள்ளைகள் இருவரும் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

அம்மாள் ஒரு சிறு காகிதத்தில் "1906" என்று பெரிதாக எழுதி, வாசல் கதவின் உள்பக்கம் ஒட்டினார். உங்கள் வீட்டிலும் இன்றே ஒட்டிவிடலாம்.